தட்டைத் துவைச்சவனும் கால்குலேட்டர் கேட்டவனும்

முதல் வருஷம், ஹாஸ்டல் மெஸ். என் ரூம்மேட் பீகார்க்காரன். வந்த மூணு மாசத்துல தட்டுத்தடுமாறி தமிழ் பேச ஆரம்பிச்சிருந்தான். ஒருநாள் ராத்திரி சாப்பிட்டு முடித்து எழுந்தவன், "மச்சி, தட்டைத் துவைச்சுட்டு வரேன்" என்றான். மொத்த டேபிளும் சிரித்தது. ஒருத்தன் எழுந்து போய் அவனைக் கட்டியே பிடித்துக்கொண்டான். "டேய், துணியைத்தான் துவைக்கணும், தட்டைக் கழுவணும்" என்று சொல்லிக் கொடுத்தோம். அடுத்த நாள் அவனே வேண்டுமென்று "கை துவைச்சுட்டு வரேன்" என்று சொல்லி மறுபடி சிரிக்க வைத்தான். இன்றைக்கு அவன் ஆட்டோக்காரரிடம் தமிழில் பேரம் பேசி முப்பது ரூபாய் குறைக்கிறான். எனக்கே அது வராது.

அதே செமஸ்டர், மேத்ஸ் இன்டர்னல் அன்று. எங்க செக்‌ஷன் பையன் ஒருத்தன், பேர் வேண்டாம், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பரீட்சைக்கு முன்னாடி பக்கத்து பெஞ்ச் பொண்ணிடம், "கேன் யூ பாரோ மீ யுவர் கால்குலேட்டர்?" என்று கேட்டான். பின் பெஞ்ச் மொத்தமும் வெடித்துச் சிரித்தது. நானும்தான். சொல்லப்போனால் நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் முகத்தை வைத்து ஸ்டிக்கர் வந்துவிட்டது. ரெண்டு வருஷம் அவனுக்குப் பேரே 'பாரோ'.

அதற்குப் பிறகு அவன் கிளாஸில் சொந்தமாக ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. செமினார் என்றால் ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். இந்த வருஷம் பிளேஸ்மெண்டில் கோடிங் ரவுண்டில் என்னைவிட அதிக மார்க். அடுத்தது குரூப் டிஸ்கஷன். முழு நேரமும் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்துவிட்டான்.

இந்த ரெண்டு தப்பையும் பக்கத்துல பக்கத்துல வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ரெண்டும் ஒரே தப்பு. ஆனா நாம சிரிச்ச சிரிப்பு மட்டும் வேற வேற.

தப்பு எங்கிருந்து வருது?

பீகார் நண்பனை எடுத்துக்குவோம். இந்தியில் 'தோனா' என்று ஒரு வினை. துணி, கை, தட்டு எல்லாத்துக்கும் அது ஒன்றே போதும். தமிழ் அப்படி விடாது. துணின்னா துவைக்கணும், கைன்னா கழுவணும், பாத்திரம்னா கழுவலாம், தேய்க்கலாம், விளக்கலாம். சோப்பு போகத் துணியை அலசணும். 'தோனா'வுக்குத் துவைன்னு ஒரே அர்த்தத்தை அவன் மனப்பாடம் பண்ணிட்டான். அதனால்தான் தட்டு துவைக்கப்பட்டது. அவன் முட்டாள் இல்லை. ரெண்டு மொழியும் ஒரே வேலையை வேற வேற இடத்தில் வெட்டியிருக்கு, அவ்வளவுதான்.

இப்போ கால்குலேட்டர் கேட்டவன். பாரோ என்றால் கடன் வாங்கு, லெண்ட் என்றால் கடன் கொடு. சின்ன கிளாஸிலேயே படித்திருப்பான். ஆனா நிஜ வாழ்க்கையில் கால்குலேட்டர் கேட்கும்போது நாம யாராவது 'கடன்' என்ற வார்த்தையை எடுக்கிறோமா? "கால்குலேட்டர் கொஞ்சம் குடேன், தந்துடறேன்", அவ்வளவுதான். புத்தகத்தில் படித்ததில் 'கடன்' மனசில் நின்றுவிட்டது. பின்னாடி இருந்த வாங்கு, கொடு ரெண்டும் கழன்று விழுந்துவிட்டது. முக்கியமான பாகமே அதுதான்.

யாராவது அன்றைக்கு அவனிடம் இதை மட்டும் சொல்லியிருக்கலாம்: மனசில் "நீ குடு" என்று வந்தால் லெண்ட், "நான் வாங்கிக்கட்டுமா" என்று வந்தால் பாரோ. அதாவது 'கேன் யூ' என்று ஆரம்பித்தால் லெண்ட், 'கேன் ஐ' என்று ஆரம்பித்தால் பாரோ. பத்து செகண்ட் வேலை. நாம ஸ்டிக்கர் செய்ய எடுத்த நேரம் அதைவிட அதிகம்.

இன்னொன்று. ஜெர்மன் மொழியில் 'லைஹன்' என்று ஒரு வினை. கொடுக்கிறதுக்கும் அதுதான், வாங்குகிறதுக்கும் அதுதான். ஸ்வீடிஷ் மொழியின் 'லோனா'வும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த நாடுகளிலிருந்து நிறையப் பேர் போய்க் குடியேறிய அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம், 'பாரோ மீ' என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்டவர்கள். அங்கே அதற்குப் பேர் வட்டார வழக்கு. நம்ம கிளாஸ்ல சொன்னா மீம்.

'எனக்கு' வந்தா ஒன்று, 'நான்' வந்தா இன்னொன்று

நமக்குக் குழப்பம் வருகிற இங்கிலீஷ் வினைகளை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்க. பெரும்பாலும் தமிழில் ஒரே வினை இருக்கிற இடமாகத்தான் இருக்கும்.

பார் என்கிற வினைக்கு அங்கே சீ, லுக், வாட்ச். கேள் என்பதற்கு ஹியர், லிஸன், போதாததுக்கு ஆஸ்க் வேற. சொல் என்றால் சே, டெல். பேசு என்றால் ஸ்பீக், டாக். படி என்றால் ரீட், ஸ்டடி, லேர்ன். "ஐ ஆம் ரீடிங் தேர்ட் இயர்" என்று சொல்கிறவனைப் பார்த்தும் சிரிக்கிறோம். படிக்கிறேன் என்பதைத்தான் அவன் அப்படியே கொண்டுபோகிறான். வேடிக்கை என்னவென்றால், ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தார் என்பதற்குப் பிரிட்டிஷ்காரர்கள் 'ரெட் லா' என்றுதான் எழுதுவார்கள். அங்கே அது கௌரவம்.

இதற்கு ஸ்கூலில் தந்த மருந்து என்ன? அட்டவணை. இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம். சீ என்றால் பார், லுக் என்றால் பார், வாட்ச் என்றால் பார். மூன்றுக்கும் ஒரே அர்த்தத்தை எழுதிவிட்டு, மாணவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று திட்டினால் எப்படி?

ஆனா தமிழுக்குள்ளேயே அந்த வித்தியாசம் ஒளிந்திருக்கு. "எனக்குச் சத்தம் கேட்டுது", "நான் பாட்டு கேட்டேன்". ரெண்டிலும் கேள்தான். முதலாவதில் சத்தம் தானாக வந்து காதில் விழுகிறது, நான் ஒன்றும் பண்ணவில்லை. ரெண்டாவதில் நானே காது கொடுக்கிறேன். 'எனக்கு' என்று வந்தால் ஹியர், 'நான்' என்று வந்தால் லிஸன். போனில் "ஹலோ, கேட்குதா?" என்கிறோமே, அது "உனக்குக் கேட்குதா", அதனால் ஹியர். "நான் சொல்றதைக் கேளு" என்றால் லிஸன்.

பார்ப்பதும் அப்படித்தான். கண்ணில் பட்டது, எனக்குத் தெரிந்தது என்றால் சீ. "பஸ் ஸ்டாண்ட்ல உங்க அப்பாவைப் பார்த்தேன்" என்பதில் உண்மையில் அவர் கண்ணில் பட்டார், அதனால் சீ. "போர்டைப் பார்" என்றால் கண்ணைத் திருப்பச் சொல்கிறோம், அது லுக். கூடவே 'அட்' வேணும். நகர்கிற, மாறுகிற ஒன்றை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். மேட்ச் பார்க்கிறது, அடுப்பில் பால் பொங்குதான்னு பார்க்கிறது எல்லாம் வாட்ச். நூற்றுக்கு நூறு பொருந்தாது. தியேட்டரில் படம் பார்ப்பதற்கு சீ என்றும் சொல்வார்கள், டாக்டரைப் பார்க்கப் போவதும் சீ தான். ஆனா தொண்ணூறு இடத்தில் கை கொடுக்கும்.

இதை எனக்கு எந்த ஸ்கூலும் சொல்லித் தரவில்லை. நான் படித்தது இங்கிலீஷ் மீடியம். கிளாஸில் தமிழ் பேசினால் ஃபைன். ரெண்டு மொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிமிஷத்தில் புரிகிற ஒன்றை, பக்கத்தில் வைக்கவே கூடாது என்று சட்டம் போட்டு, பன்னிரண்டு வருஷம் காதால் கேட்டுக் கேட்டு ஏற்றினார்கள். எனக்கு ஓரளவு சரியாக வருகிறது, ஆனா ஏன் சரி என்று கேட்டால் தெரியாது. அதை அறிவு என்று நினைத்துக்கொண்டுதான் அன்றைக்குச் சிரித்தேன்.

கோடு எழுதுகிறவனுக்குப் புரிகிற மாதிரி

சே, டெல் குழப்பத்துக்கு அர்த்தம் தேடி லாபமில்லை. ரெண்டுக்கும் அர்த்தம் சொல்தான். வித்தியாசம் வேற இடத்தில். ஒரு வினையை ஃபங்ஷன் மாதிரி நினைச்சுக்குங்க. உள்ளே என்ன ஆர்குமெண்ட் போகணும், எந்த வரிசையில் போகணும் என்று ஒரு கணக்கு இருக்கு.

டெல்லுக்கு முதல் ஆர்குமெண்ட் ஆள். 'டெல் மீ', 'டோல்ட் ஹிம்'. சேவுக்கு முதல் ஆர்குமெண்ட் விஷயம். ஆள் வேணும்னா 'டு' போட்டுத்தான் உள்ளே விடும். "ஹி செட் மீ" என்றால் தப்பான டைப்பை உள்ளே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம். எக்ஸ்ப்ளெயினும் சே கட்சி, அதனால்தான் 'எக்ஸ்ப்ளெயின் மீ' ஓடாது, 'எக்ஸ்ப்ளெயின் டு மீ' ஓடும். பொய் சொல்வது, உண்மை சொல்வது, கதை சொல்வது மூன்றும் ஆளே இல்லாமலும் டெல்தான். அதை விதிவிலக்காக அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டியதுதான்.

டிஸ்கஸ் இன்னொரு மாதிரி. நாம 'பற்றி'ப் பேசுகிறோம். அந்தப் 'பற்றி'யை டிஸ்கஸ் ஏற்கனவே விழுங்கிவிட்டது. அதனால் பின்னாடி 'அபௌட்' தேவையில்லை. இந்தத் தப்பைச் செய்தது வேறு யாரும் இல்லை, நான்தான். போன கோடையில் இன்டர்ன்ஷிப்பில் மெயில் எழுதும்போது 'டிஸ்கஸ்ட் அபௌட் த டெஸ்ட் பிளான்' என்று எழுதினேன். என் மென்டர் பதில் மெயிலில் அதே வரியை 'அபௌட்' இல்லாமல் எழுதியிருந்தார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, எனக்குப் பட்டப்பேர் வரவில்லை. ரெண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இங்கிலீஷ் மீடியம்காரனும் இந்த ஆட்டத்தில் தப்ப முடியாது என்பதற்கு இன்னொரு சாட்சி: புராஜெக்ட் ரிவ்யூ ஸ்லைடில் நம்மில் எத்தனை பேர் 'வேலிடேட்டட்' என்று போட்டிருக்கிறோம்? வெரிஃபையும் சரிபார்க்கிறதுதான், வேலிடேட்டும் சரிபார்க்கிறதுதான். ஆனா குறித்துக் கொடுத்தபடி செய்திருக்கிறோமா என்று பார்ப்பது வெரிஃபை. பயன்படுத்துகிறவருக்கு உண்மையில் தேவையானதைச் செய்திருக்கிறோமா என்று பார்ப்பது வேலிடேட். எங்க டீமிடம் எக்ஸ்டர்னல் இதைக் கேட்டபோது நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். நாலு பேருமே இங்கிலீஷ் மீடியம்.

மார்க்குக்குப் படித்த இலக்கணம்

தமிழ்ப் பரீட்சைக்காகப் படித்துவிட்டு மறந்துபோன தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா? உயர்ந்தது, உயர்த்தினான். லேப் ரெக்கார்டில் எல்லாரும் சறுக்குகிற ரைஸ், ரெய்ஸ் விவகாரம் இதுவேதான். வெப்பநிலை தானாக உயர்ந்தால் ரைஸ், நாம் உயர்த்தினால் ரெய்ஸ். விழு என்றால் ஃபால், மரத்தை வீழ்த்து என்றால் ஃபெல். கிட என்றால் லை, கிடத்து என்றால் லே. இங்கிலீஷில் இந்த மாதிரி ஜோடிகள் கொஞ்சம்தான். தமிழில் திரும்பின பக்கமெல்லாம் இருக்கு. ரெய்ஸா ரைஸா என்று சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருதரம் சொல்லிப் பாருங்க. உங்க வாயே பதில் சொல்லிடும்.

இன்னும் பின்னாடி போனால் தொல்காப்பியம். அதன் சொல்லதிகாரத்தில் செல், வா, தா, கொடு என்கிற நாலு வினையை எடுத்துவைத்து, எதை எங்கே சொல்லணும் என்று விதி இருக்கு. வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும். செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு. அதாவது எனக்குத் தா, உனக்குத் தருவேன், ஆனா அவனுக்குக் கொடுப்பேன். நாம இன்றைக்கு "எனக்குக் குடு" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆனா மலையாளத்தில் அந்த வித்தியாசம் இன்றும் உயிரோடு இருக்கு. உங்க கேரளா கிளாஸ்மேட்டைக் கேட்டுப் பாருங்க.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேற. போனில் ஃபிரெண்டிடம் "உன் ரூமுக்கு வரேன்" என்கிறோம், "போறேன்" என்று சொல்வதில்லை. கேட்கிறவன் இருக்கிற இடத்துக்கும் 'வா'தான். இங்கிலீஷில் கம் என்பதும் அதே மாதிரி கேட்கிறவன் பக்கமும் போகும். அதனால் அந்த இடத்தில் நாம தப்பே பண்றதில்லை, யாரும் சொல்லித் தராமலேயே. பிரிங், டேக் குழப்பத்துக்கும் அதே வழி: மனசில் கொண்டு வா என்று வந்தால் பிரிங், கொண்டு போ என்று வந்தால் டேக். ஆக, தமிழ் நம்மை எப்பவும் தடுக்கிறதில்லை. பாதி இடத்தில் தூக்கியே விடுது. எந்த இடத்தில் தூக்குது, எந்த இடத்தில் தடுக்குது என்று பிரித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"அதுக்காக தப்பை சரின்னு சொல்றியா?"

இல்லை. இன்டர்வியூ எடுக்கிறவருக்குத் தொல்காப்பியம் தெரியாது, தெரிந்தாலும் மார்க் போட மாட்டார். பாரோவை லெண்ட் இடத்தில் போட்டால் தப்பு தப்புதான். திருத்திக்கணும். நான் சொல்வது திருத்துகிற விதத்தைப் பற்றி.

வினைகள் வாய்க்குப் பழகணும். பேசாமல் பழகாது. பேசினால் கொஞ்ச நாள் தப்பு வரும். அந்தக் கொஞ்ச நாளைத் தாண்ட விடாமல் செய்வது சிரிப்புதான். பீகார் நண்பன் தாண்டினான், ஏன்னா நாம அவன் தப்பை ரசித்தோம், கூடவே சரியானதையும் சொன்னோம். தமிழ் மீடியம் நண்பனை நாம தாண்ட விடவில்லை. ஒருத்தன் தமிழில் தப்பு பண்ணினால் "முயற்சி பண்றான் பாரு". இன்னொருத்தன் இங்கிலீஷில் தப்பு பண்ணினால் "இது கூடத் தெரியல". அந்த 'கூட' என்கிற ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கு.

போன மாசம் அவனிடம் உட்கார்ந்து பேசினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சொதப்பலாகத்தான் கேட்டேன். அவன் சொன்னது இது: "அன்னிக்கு நைட்டே பார்த்துக்கிட்டேன்டா, லெண்ட்னு. அது பிரச்சனையே இல்ல. ஆனா அடுத்து எந்த வார்த்தை கால வாரும்னு தெரியாதுல்ல? அதான் வாயைத் திறக்கல." சிரித்த முப்பது பேரில் ஒருத்தர்கூட அவனிடம் சரியான வார்த்தையைச் சொல்லவில்லை. அதை அவன் சொல்லித்தான் நான் கவனித்தேன்.

அதனால் மூணு விஷயம் கேட்கிறேன். பிளேஸ்மெண்ட் டிரெய்னிங்கில் முதல் வாரமே இருநூறு வார்த்தை லிஸ்ட் தருகிறீர்களே, அதற்குப் பதில் இருபது வினையை எடுத்து, தமிழ் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பேசுங்க. கிளாஸில் தமிழ் வந்தால் கெட்டுப்போகாது. ரெண்டாவது, ஜூனியர்ஸ்: புது வினையைத் தனியாக எழுதாதீங்க. அதோட முன்னாடி பின்னாடி வருகிற ஆளையும் 'டு'வையும் 'அட்'டையும் சேர்த்து ஒரு முழு வாக்கியமாக எழுதுங்க. நீங்க நிஜமாகவே சொல்லப்போகிற வாக்கியமாக இருக்கட்டும். மூணாவது, என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் கூட்டத்துக்கு: பக்கத்தில் ஒருத்தன் தப்பாகச் சொன்னால், பதிலில் சரியான வினையை வைத்துப் பேசிவிட்டுப் போங்க. என் மென்டர் செய்த மாதிரி. "ஷ்யூர், ஐ கேன் லெண்ட் யூ மைன்" என்று சொல்லிக் கால்குலேட்டரைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

இப்போ ராத்திரி மெஸ் முடிந்ததும் நாங்க மூணு பேரும் ஒரு அரை மணி நேரம் உட்கார்கிறோம். அவன் இங்கிலீஷில் பேசணும், பீகார்க்காரன் தமிழில் பேசணும், நான் இந்தியில் பேசணும். மூணு பேரிலும் மோசம் நான்தான். நேற்று நான் சொன்ன ஏதோ ஒன்றுக்கு ரெண்டு பேரும் பத்து நிமிஷம் சிரித்தார்கள். அப்புறம் சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார்கள்.